வினைமுற்றின் கடைசி எழுத்து

எங்கள் மொழியில்
கண்ணால் கண்டதற்கு ஒரு வினைமுற்று,
காதால் கேட்டதற்கு வேறொன்று.
ஹ்வர்லி என்றால் எறிந்தான்; நான் பார்த்தேன்.
ஹ்வர்லில் என்றால் எறிந்தானாம்; எவரோ சொன்னார்கள்.
இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்து,
நுனிநாக்கு பல்லைத் தொட்டு மீளும் நேரம்.

விதின் நகரில், தன்யூப் கரையில்,
பதினேழு ஆண்டுகளாக அந்த எழுத்தைச்
சேர்ப்பதும் நீக்குவதும்தான் என் பிழைப்பு.
மெய்ப்புத் திருத்துநர், இரவுப்பணி,
சம்பளம் மாதாமாதம் பத்தாம் தேதி,
அதாவது பதினாறாம் தேதி.

நேற்று மாலை தண்ணீர்க் கட்டண ஊர்வலத்தில்
மருந்துக்கடை யோர்தாங்காவின் கண்ணாடி உடைந்தது.
நான் அங்கே இருந்தேன்.
ஊர்வலத்தில் இல்லை. எதிர்ச்சாரியில்,
முட்டைகோஸ் வாங்கிக்கொண்டு.

வானொலி முந்திக்கொண்டது:
"குண்டர்கள் கடையை அடித்து நொறுக்கினர்."
எங்கள் நிருபன் க்ராசிமிர் எழுதித் தந்தது:
"பதற்றத்தின்போது ஒரு கண்ணாடி சேதமடைந்தது."
சேதமடைந்தது. தானாகவே.
வயதாகி, தூக்கத்தில், உறவினர் சூழ.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
நான் கண்டது இவ்வளவுதான்:
சாம்பல் நிறக் குளிர்சட்டை,
வெலிஸாரின் மகன் ப்ளாமென்,
அவன் வலக்கை தலைக்குமேல்.
பிறகு சத்தம்.
கையில் கல் இருந்ததா?
எறிய ஓங்கிய கையா,
முகத்தை மறைக்க உயர்ந்த கையா?
அந்த நொடி பார்த்துக் காய்கறிக்காரி சில்லறையைத் தவறவிட்டாள்;
குனிந்தேன்.
நிமிர்ந்தபோது தரையெல்லாம் கண்ணாடி.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
யோர்தாங்கா எனக்கு இரண்டு மாத மாத்திரை
கடனாகத் தந்தவள்.
ப்ளாமென் என் வீட்டுச் சுவரில் மூத்திரம் பெய்தவன்.
என் கண் பொய் சொன்னது என்று சொல்லமாட்டேன்.
கடன்பட்ட கண், அவ்வளவுதான்.

அச்சுக்கு இன்னும் ஒன்பது நிமிடம்.
எறிந்தான் என்று எழுதினேன். அடித்தேன்.
எறிந்தானாம் என்று எழுதினேன்.
யார் சொன்னது?
என் முதுகுக்குப் பின்னால் நின்று நானே.

கடைசியில் அந்த வினையையே விட்டுவிட்டு
இரண்டு வாக்கியம் வைத்தேன்:
"ஓர் இளைஞனின் கை உயர்ந்தது. கண்ணாடி உடைந்தது."
ஒரு சொல்லும் பொய்யில்லை.
ஆனால் நடுவில் இருந்த முற்றுப்புள்ளி
கல்லைப் போல உருண்டையாக இருந்தது.
அதை எறிந்தவன் நான்.

கையை ஆறாம் பத்திக்குத் தள்ளினேன்,
கட்டண அட்டவணைக்குக் கீழே.
இப்போது அவன் அக்கரையில் யாரையோ பார்த்துக்
கையசைப்பதுபோல் இருந்தது.
க்ராசிமிர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து
"இது நல்லா இருக்கு" என்றான்.
அவனுக்கு ஏன் பிடித்தது என்று யோசிப்பதற்குள்
கீழே இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

காலையில் யோர்தாங்கா
ஓட்டையை எங்கள் பத்திரிகையால் மூடியிருந்தாள்.
செய்திப் பக்கம் உள்ளே, இருமல் மருந்துகளைப் பார்த்தபடி.
தெருவைப் பார்த்த பக்கத்தில் வானிலை:
பிற்பகலில் மழை பெய்யும்.
"நீ அங்கதானே நின்ன?" என்றாள்.
"எறிஞ்சானா, இல்லையா?"
மாத்திரைக் கடனை எண்ணி நீட்டினேன்.
கொஞ்சம் குறைந்தது.
அவள் எண்ணிப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

பிற்பகல் மழை பெய்யவில்லை.
காகிதம் காற்றில் உப்பி உப்பி அடங்கியது.
வானிலை எழுதியவரை
எந்தக் கட்சி என்று
யாரும் கேட்கவில்லை.