கடைசி ஐந்து

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
முதல் கள்ளுக்கடைக்கு எதிர்ச் சந்தில்
வேப்பமரத்துக்கு மூக்கைக் கொடுத்து
நின்றது ஆம்னி.
வெள்ளை. ஒரு காலத்தில்.

"ஒரே கை ஓட்டின வண்டிக்கா" என்றார்
புரோக்கர் சுலைமான் ராவுத்தர்.
புரோக்கர்கள் சொல்லும் அந்த ஒரு கைக்கு
எத்தனை விரல் என்று
யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் முட்டை வியாபாரி.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல்
ஒரு முட்டையும் எடுத்ததில்லை.

மிதியடியை உரித்து முதலில் மோந்தேன்.
வெள்ளம் வந்துபோன வருஷத்திலிருந்து
இந்தப் பக்கம் வண்டி வாங்குகிற எல்லோருக்கும்
நாய்மூக்கு.
சேற்று வாசம் இல்லை.
மீன் வாசம் கொஞ்சம். போகட்டும்.

முன்சீட்டைத் தூக்கினால் துரு.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
மகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து
இரும்பின்மேல் வைத்து
பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன்.
கருமைக்குள்ளிருந்து வெள்ளையாக
ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன
பதினேழும்.

அதில் ஐ வராதாம், ஓ வராதாம், க்யூ வராதாம்.
ஒன்று என்றும் பூஜ்யம் என்றும்
ஆள் மாறிவிடும் என்பதால்
ஆதியிலேயே ஒதுக்கிவிட்டார்கள்.
இரும்புக்கு இவ்வளவு அக்கறை.
என் ரேஷன் கார்டில் என் பெயர்
இதுவரை மூன்று விதம்.

ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தேன்.
மூன்றை உளியால் எட்டாக்கியிருக்கிறார்களா என்று
நகத்தால் தடவினேன்.
எட்டுதான். பிறவி எட்டு.

பிறகு போனில், சர்க்காரின் செயலியில்.
கே.எல். எழுபது என்றதும் சித்தூர் என்றது.
உரிமையாளர் பெயர்:
முதலெழுத்தும் கடைசி எழுத்தும்,
நடுவில் நட்சத்திரங்கள்.
எத்தனையாவது உரிமையாளர்: மூன்று.
ராவுத்தர் வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தார்.
வங்கிக் கடன் முடிந்திருந்தது.
இன்சூரன்ஸுக்குக் கார்த்திகை வரை உயிர்.
திருட்டு வண்டிகளின் பட்டியலில் இல்லை.

அபராதம் உண்டா என்று கேட்டதற்கு
சேசிஸின் கடைசி ஐந்தைக் கேட்டது.
தாளைப் பார்த்து அடித்தேன்.

ஒன்று இருந்தது.
கொழிஞ்சாம்பாறை சாலை. அதிவேகம்.
ஆயிரத்து ஐநூறு ரூபாய்.
இரவு இரண்டு நாற்பது.

படமும் வைத்திருந்தார்கள்.
சாம்பல் நிறத்தில் ரோடு,
எரிகிற இரண்டு விளக்கு,
இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு கை,
கையில் துண்டு,
முழுசாய் விரிந்து
காற்றில் நின்றபடி.

அந்த நேரத்தில் அந்த ரோட்டில்
துண்டைப் பார்த்து ஒதுங்க
யார் இருந்திருப்பார்கள்?
கேமராதான் இருந்தது.

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
உறை புதுசு.

ராவுத்தர் ஓனருக்குப் போன் போட்டார்.
மலையாளத்தில் இரண்டு வார்த்தை கேட்டார்.
அப்புறம் அவர் பேசவே இல்லை.
கள்ளுக்கடையில் யாரோ மரவள்ளிக்கு
இன்னும் கொஞ்சம் மீன்சாறு கேட்டார்கள்.
"ம்" என்றார். மறுபடி "ம்."
வைத்துவிட்டு என்னிடம்,
"அந்தக் காசைக் கழிச்சுக்கச் சொல்றாரு" என்றார்.

டயருக்குக் கழித்தேன்.
கீறல் விழுந்த கண்ணாடிக்குக் கழித்தேன்.
ஒரே கை என்று சொன்ன பொய்க்கு
ராவுத்தரின் கமிஷனில் இருநூறு கழித்தேன்.
அதை மட்டும் கழிக்கவில்லை.
அங்கேயே நின்று என் போனிலிருந்து கட்டினேன்.
ரசீது
நட்சத்திரங்களின் பெயரில் வந்தது.

சித்தூர் ஆபீஸிலிருந்து தடையில்லாச் சான்று வரட்டும்,
அதுவரை வண்டி மரத்தடியிலேயே நிற்கட்டும் என்றேன்.
"நம்பிக்கை இல்லியாக்கா?" என்றார்.
நம்பிக்கைக்கு முத்திரை உண்டு, பாய்,
அதைக் குத்தி வாங்கி வாருங்கள் என்றேன்.

பொள்ளாச்சி பஸ்ஸில்
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
டிக்கெட்டை வாங்கி மடிக்கும்போது பார்த்தேன்,
பென்சில் கரி ஏறிய கட்டைவிரல்
அதன்மேல் அப்பியிருந்தது,
ரேகை ரேகையாக.
கண்டக்டர் மீதிச் சில்லறை தந்தார்.
கையை வெளியே நீட்டாதீங்கம்மா என்றார்.