லவ் பேர்ட்ஸ், ஒன்று

ஒன்றே மிச்சம் என்றாலும்
லவ் பேர்ட்ஸ் என்றுதான் வாயில் வருகிறது.
மற்றது செத்து இரண்டு மாதம்.
இலக்கணத்துக்கு இன்னும்
யாரும் துட்டிச் செய்தி சொல்லவில்லை.

தக்கலை கோர்ட்டுக்கு எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை.
குமாஸ்தா ஞானசிகாமணி
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் பாக்கிக்கு
கூண்டோடு கொண்டுவந்து வைத்தார்.
'கணக்கு தீந்தாச்சு கேட்டியளா' என்றார்.
சோடியாக இருந்தபோது அது சரியான விலைதான்.

இப்போது இருப்பது நெஞ்சைக் கொத்துகிறது.
ஒவ்வொரு தூவலாய்ப் பிடுங்கி
கீழே போட்டு
அது விழுவதைக் குனிந்து பார்க்கிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர்
ஒரு பசுவிடமிருந்து வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்:
'மருந்து வேண்டாம். பிய்க்க ஏதாவது குடுங்க.
இல்லேன்னா தன்னத்தானே பிய்க்கும்.'

நாகர்கோவிலில் மர ஊஞ்சல் நானூற்றைம்பது.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய் எனக்கு.
இருநூற்றிருபத்தைந்து பக்கம்.
நின்றபடியே எண்ணிவிட்டுத் திரும்பினேன்.
பஸ்ஸுக்கு வேறே பதினைந்து பக்கம்.

அன்று ராத்திரி
ஆணியைக் காய்ச்சிச் சிரட்டையில் மூன்று துளை.
புகை கண்ணுக்குள்.
நைலான் ஆகாது, நகம் மாட்டும்.
கம்பி ஆகாது, தின்றால் போய்விடும்.
ஸ்பைரல் பைண்டிங் துண்டு ஆகாது.
கடையில் எனக்கு உதவுகிற எதுவும்
அதற்கு ஆகாது.
கடைசியில் சந்தையில் மரச்சீனி கட்டிவந்த
கயிற்றுத் துண்டு,
முருங்கைக் குச்சி நாலு,
கமுகம்பாளையில் ஒரு கீற்று.

நாலு நாள் அது சிரட்டையைப் பார்த்துப் பயந்தது.
கூண்டின் மறுமூலையில்
காய்ச்சல்காரிபோல ஒடுங்கியிருந்தது.
ஐந்தாம் நாள் ஒரு கண்ணால் பார்த்தது.
ஆறாம் நாள்
பாளை பதினோரு நிமிஷம்,
குச்சி ஒரு சாயா குடிக்கிற நேரம்.
ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்தது.
எனக்குக் கோபம்கூட வந்தது.
பிறகு தரையைப் பெருக்கினேன்.
முருங்கைச் சக்கை இருந்தது, பாளைத் தும்பு இருந்தது,
தூவல் இல்லை.

அதிலிருந்து தினம் ஒன்று.
பேப்பர் ரோலின் நடுக்குழல்.
ஈர்க்கிலில் கோத்த சோளச் சக்கை.
கோணலாய் விழுந்த நகல்களின் ஓரத்தை வெட்டிப்
பூமாலைபோல் மடித்துத் தொங்கவிடுவேன்.
மை படாத ஓரம் மட்டும்.
எழுத்தில்லாத இடமெல்லாம் அதற்கு,
எழுத்து கோர்ட்டுக்கு.

போன செவ்வாய் கரண்ட் போயிற்று.
வேளிமலை கனகபாய் அக்காள்
பாகப்பத்திர நகலைக் கூண்டின்மேல் வைத்துவிட்டு
தண்ணீர் குடித்தாள்.
ஏழு சென்ட், அண்ணன்மார் மூன்று பேர், ஒன்பது வருஷ வழக்கு.
நான் பாய்வதற்குள்
இது கம்பி வழியாய் இழுத்து
நேர்கோட்டில், அளவெடுத்ததுபோல்,
நீளநீளமாய்க் கிழித்தது.
தின்னவில்லை.
ஒவ்வொரு கீற்றாய் எடுத்து
முதுகுக்குப் பின்னால் திரும்பி
வாலடித் தூவலுக்குள் செருகியது.

கூடு கட்டத்தான் இப்படிச் சுமக்கும் என்று
ஞானசிகாமணி முன்பு சொன்னது ஞாபகம் வந்தது.
யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை.

'கிழக்கே பிலாமரம்' ஒரு கீற்றில்.
'வடக்கே பொதுவழி' ஒரு கீற்றில்.
கனகபாய் கண்ணாடியை ஏற்றிப் படித்தாள்:
'எனக்குத் தராத வழிய
இது சுமந்துகிட்டுப் போவுது, பாரேன்.'
சிரித்தாளா என்று தெரியவில்லை,
கடைக்குள் இருட்டு.

கரண்ட் வந்ததும் மறுநகல் போட்டுக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
பன்னிரண்டு பக்கம், இருபத்திநாலு ரூபாய்.
ஊஞ்சலைவிட மலிவு.

கீற்றுகள் மூலைக்குப் போய்ச் சேருவதில்லை.
நடுவழியில் நழுவி விழும்.
அதற்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது.
வெறும் முதுகோடு மூலை சேர்ந்து
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
மறுபடி வரும்,
அடுத்ததைக் கிழிக்க.

ஷட்டரை இழுக்குமுன்
செல்போன் வெளிச்சத்தை அதன் நெஞ்சில் அடிக்கிறேன்.
ரோஸ் தோலில்
பச்சையாய் ஒரு முளை தெரிகிறது.
அல்லது ஒட்டிக்கொண்ட
முருங்கைத் தோல்.