நின்ற இடத்தில் நான்கு கிலோமீட்டர்

நவம்பரில் மண் உறைந்ததும்
என் கிரேனை அணைத்துவிடுவார்கள்.
மார்ச் வரை உலான்பாத்தரில்
கட்டடங்கள் வளர்வதில்லை.
நான்தான் வளர்கிறேன், பக்கவாட்டில்.

மேலே, நாற்பது மீட்டர் உயரத்துக் கூண்டில்
சுட்டுவிரலை லேசாக மடக்கினால் போதும்,
இரண்டு டன் கம்பி எழுந்து நிற்கும்.
இங்கே, ஒன்பதாம் மாடிக் கூடத்தில்,
திரைக்குள் இருக்கும் ஒரு சாண் பொம்மை
ஒரு கையைத் தூக்குவதற்கு
நூற்று நான்கு கிலோ நான்
மொத்தமாக எழ வேண்டியிருக்கிறது.

வெளியே நடக்கலாமே என்பீர்கள்.
சன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டி
இருபது நாளாகிறது.
நிலக்கரிப் புகை கண்ணாடியில் மூக்கை அழுத்தி
எங்களை எட்டிப் பார்க்கிறது.
காற்றின் இன்றைய எண் நானூற்றுப் பன்னிரண்டு.
பள்ளி இல்லை. பூங்கா இல்லை.
எதிர்க் கட்டடமே இல்லை,
சாயங்காலம் அதில் விளக்கு எரியும்வரை.

தொலைக்காட்சிமேல் அந்தக் கண்ணைப் பொருத்தியவள்
பதினொரு வயது சொலோங்கோ.
'அப்பா, பின்னால் போ.'
மேசையை நகர்த்தினோம்.
'இன்னும்.'
சோபாவை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தோம்.
'இன்னும் கொஞ்சம்.'
முதுகில் குளிர்சாதனப் பெட்டி இடித்தது.
அப்புறமும் அந்தக் கண்
சோபாவைத்தான் முதல் ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது.
பெயர்கூடக் கேட்டது அதனிடம்.

உயாங்கா பல் மருத்துவமனையில்
பகல் முழுக்க நின்றுவிட்டு வருபவள்.
'நின்றது போதாதா எனக்கு?' என்றாள்.
பிறகு காலுறையோடு வந்து
குத்துச்சண்டையைத் தேர்ந்தெடுத்தாள்.
ஒன்பதே நொடி.
எதிரி மல்லாந்து கிடந்தான்.
யார் முகத்தை நினைத்துக்கொண்டாய் என்று
நான் கேட்கவில்லை.
வீட்டில் சில விஷயங்களைக் கேட்கக் கூடாது.

சின்னவன் அனிருக்குக் குதிப்பதென்றால்
மூன்று குதிப்பு, ஒரு இருமல்.
சட்டைப்பையில் அவனுடைய நீல மருந்துக்குழல்
அவனோடு சேர்ந்து குதிக்கும்.
ஓட்டப் பந்தயத்தில் திரை ஒரு காட்டை விரித்தது.
இலைகளுக்கு நடுவே ஓடும் மனிதர்களைப் பார்த்து
ஓடியபடியே கேட்டான்:
'இவங்க யாருக்குமே முகமூடி இல்லையே, ஏன்?'
நாங்கள் மூன்று பேரும்
அந்த நேரம் பார்த்து வேகமாக ஓடினோம்.

டங். டங். டங்.
கீழ்வீட்டுப் புரெவ்மா
வெப்பக் குழாயைக் கரண்டியால் தட்டுகிறார்.
கம்பளியை விரித்தோம், ஒன்றின்மேல் ஒன்றாக.
நுனிக்காலில் ஓடினோம்.
நூற்று நான்கு கிலோவுக்கு ஏது நுனிக்கால்?

கதவைத் திறந்தபோது
மாவு ஒட்டிய கைகளோடு நின்றார்.
'கூரைச் சுண்ணாம்பு என் பூஸ் மாவில் விழுகிறது!
குதிரை வளர்க்கிறீர்களா மேலே?'
வலக்கை வீசினார். இடக்கை வீசினார்.
இரண்டையும் உயர்த்தி வானத்தைச் சாட்சிக்கு அழைத்தார்.
திரையில் மணி அடித்தது.
புதிய ஆட்டக்காரர்!
அருமை! அபாரம்! அருமை!
அவர் திட்டத் திட்ட
மூலையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின.
திட்டி முடித்தபோது
என்னைவிட நானூறு புள்ளி முன்னால் இருந்தார்.

திரும்பிப் பார்த்தார்.
மாவுக் கையை மெல்ல அசைத்தார்.
பொம்மையும் அசைத்தது.
கோபம் எங்கே வைத்தோம் என்று
ஒரு கணம் தேடினார்.
'இது எத்தனை மணி வரை?' என்றார்,
இன்னும் குரலை இறக்காமலே.

இப்போது ஏழு மணிக்குக் குழாயில்
இரண்டு தட்டு கேட்டால்
இன்னும் தொடங்கவில்லையா என்று அர்த்தம்.
மூன்று தட்டு என்றால்
பழைய அர்த்தம்தான், அதுவும் நிற்கவில்லை.

நேற்று நான்கு கிலோமீட்டர் ஓடினேன் என்கிறது கணக்கு.
கம்பளியில் இரண்டு பாத அளவுக்கு
மயிர் தேய்ந்திருக்கிறது. அவ்வளவு தூரம்.
எடை நூற்று மூன்று.
உப்புத் தேநீர்க் கோப்பையோடு
மூச்சு வாங்கச் சாய்ந்தால்
கண் உடனே பதறுகிறது:
ஆட்டக்காரரைக் காணவில்லை.

இங்கேதான் இருக்கிறேன்.
உட்கார்ந்துவிட்டால்
நானும் சோபாவும் அதற்கு ஒன்று.
இல்லை, தப்பு,
சோபாவை அது பார்த்தது.