பாப்பு மாமா

ஸ்காட்லாந்துப் படகில் ஸ்கிப்பர் டங்கன்
கயிறு முடிந்து காட்டுவார்:
இப்படிச் சுற்று, இப்படி இழு,
அவ்வளவுதான், பாப் உன் மாமா.

எனக்கு மாமன் ரெண்டு பேர்.
இனயத்தில் ஒருத்தர், கடலில் போன ஒருத்தர்.
ரெண்டு பேரும் பாப் இல்லை.

யார் இந்தப் பாப் என்றால்
யாரோ மந்திரி, மருமகனுக்கு வேலை போட்டுக் கொடுத்தான் என்பார்.
சமையல்காரன் அது பொய் என்பான்.
‘மிக்கியை எடுக்காதே’ என்று இருவரும் கத்துவார்கள்.
என் பேர் மிக்கேல்.
நான் எழுந்து தள்ளி உட்காருவேன்.

வலை கிழிந்த ஒரு ராத்திரி
டங்கன் திருப்பிக் கேட்டார்:
மீனைப் பார்த்தாலும் சவம், எஞ்சினைப் பார்த்தாலும் சவம்,
பெண்டாட்டியைப் போனில் கொஞ்சும்போதும் சவம்.
எந்தச் சவம்?
செத்தது யார்?

அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

இப்போது குறும்பனையில்
எஞ்சின் பிடித்தால்,
சீட்டுக் கணக்கு நேரானால்,
பொண்ணு வீட்டார் சம்மதித்தால்
‘பாப்பு மாமா!’
சாக்லேட் பெட்டியோடு நான்தான் இறக்கியிருக்கிறேன்.

நேற்று குளச்சல் ஏலத்தில்
வாணியக்குடி பெஸ்கி ஒருத்தனுக்கு விளக்குகிறான்:
“பாப்பு குறும்பனைக்காரன்லே.
சுனாமிக்கு முந்தி ஐஸ் கம்பெனி வச்சிருந்தான்.
கேட்டவனுக்கெல்லாம் கடன்.”
“போலே சவமே, அவரு பழைய உபதேசியாரு.
கல்லறைகூட உண்டும்.”

சாளைப் பெட்டியைக் கீழே வைத்தேன்.
எந்த வரிசை என்று மட்டும் கேட்டேன்.