அச்சு அசல்

பல் கட்டுவது என் பிழைப்பு.
குரிட்டிபாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் ஒற்றை ஜன்னல் அறை.
மெழுகில் வார்த்து, பிசினில் ஊற்றி, ராவி,
முகம் பார்த்திராத வாய்களுக்கு
இருபத்திரண்டு வருஷமாய்ச் சிரிப்பு அனுப்புகிறேன்.

ஸெனோன் வோஸ்னியாக்
கொட்டகையில் தார்ப்பாயை இழுத்தபோது
காருக்கு முன்னால் வாசனைதான் வந்தது.
ரெசின்.
என் மேசையின் அதே வாசனை.

"அசல் இல்லை, இவோனேத்தே,"
திருட்டை ஒப்புக்கொள்கிறவர் போலச் சொன்னார்.
"மேலே ஐம்பதுகளின் ஜெர்மன் உடம்பு, கண்ணாடி நாரில்.
கீழே எழுபத்து நாலாம் வருஷத்து ஃபுஸ்கா,
வண்டுக் கார்."
அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை.
அந்தத் தாழ்ந்த இருக்கையில் இறங்கினால்
தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும்.
வீட்டில் இருப்பது ஒருத்தி.

எனக்குப் பேரம் பேசத் தெரியும்.
பேசவில்லை.

முதல் வாரம் முழுக்க
கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித் திரிந்தேன்,
பெட்ரோல் பங்கில், சிக்னலில், மருந்துக்கடை வாசலில்:
அசல் இல்லைங்க, அசல் இல்லை.
ரொட்டிக்கடைப் பையன் விழித்தான்.
"நான் மணி என்னன்னுதான் கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் கூடுகிறார்கள்.
பதினாலு வண்டி, பதினாலும் வார்ப்பு.
புதிதாகச் சேர்பவர்
தன் காரின் பொய்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
சந்தா அவ்வளவுதான்.
வழிகாட்ட கிளெயூசா எழுந்தாள்:
"பின்விளக்கு டிராக்டரோடது.
வேகமானி படகோடது, கடல் மைலில்தான் பேசும்."
அடெமாரின் ஹாரன் ஐஸ் வண்டியிலிருந்து வந்தது;
அழுத்தினால் குழந்தைகள் ஓடிவருமாம்.
என் முறை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
"எனக்கு இன்னும் தெரியாது" என்றேன்.
அன்றைக்கு அதற்குத்தான் பலத்த கைதட்டல்.

பிறகு எல்லோருமாய் கிராசியோசா இறக்கத்தில்.
கருங்கல் பாவிய சாலை, தாடை அதிர்ந்தது.
மூன்றாம் வளைவில் கிளட்ச் கம்பி அறுந்தது.
பனிமூட்டம், தூறல்,
ஓரமெங்கும் நீலக் கொத்துப்பூக்கள்
தலை கனத்துச் சாய்ந்திருந்தன.

அப்போதுதான் அது கடந்துபோனது.
பிக்கப்பின் பின்னால் இழுவண்டியில்,
பாதிப் போர்வைக்கு வெளியே இதே முகம், இதே உருண்டை விளக்கு.
அச்சு இங்கே நனைய,
அசல் போர்த்திக்கொண்டு போகிறது.
கை உயர்த்தினேன். ஓட்டியவர் பார்த்தாரோ என்னவோ.

கிளெயூசா கைப்பையைக் கவிழ்த்தாள்:
சீப்பு, சாவிகள், சுருட்டிய ஃபுஸ்கா கம்பி.
"இது பருப்பு விற்கிற கடையிலும் கிடைக்கும்.
அவனுடையதுக்குக் கப்பல் வரணும்."
அவள் அடியில் படுத்தாள், டார்ச் பிடித்தது நான்.
வெளிச்சம் தவறி முன்மூடியின் உட்புறம் விழுந்தது.
பெயின்ட் எட்டாத இடம்.
உறைந்த பிசினுக்குள் ஒரு தலைமுடி.
பக்கத்தில், காயுமுன் அழுத்திய கட்டைவிரல்,
ரேகை ரேகையாக.

யாருடையது என்று ஸெனோனுக்கும் தெரியாது.
எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது.
நான் கட்டும் ஒவ்வொரு செட்டிலும்
அண்ணத்தோடு ஒட்டும் பக்கத்தில்
ஊசிமுனை அளவு ஒரு கீறல் விடுவேன்.
போட்டிருப்பவருக்குத் தெரியாது. மருத்துவருக்கும்.

"டார்ச்சு!" கிளெயூசா கத்தினாள்.
"எங்கே பார்க்கிறே?"

மலையடியில், மொரேத்தஸில், ஆற்றங்கரை மேசைகள்.
பக்கத்தில் ஒருவர் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.
அந்த முன்வரிசை என் கைவேலை இல்லை,
ஆனால் மாதிரி எண் நாற்பத்தொன்று,
எங்கே கண்டாலும் சொல்வேன்.
ஈரம் சொட்ட நின்ற என் காரைப் பார்த்தார்.
சோளத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்:
"அசலா?"

"கடிக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பிடித்தது அவருக்கு.
பிறகு சிரித்தார்,
வாயைப் பொத்த எழுந்த கை
பாதியில் நின்றது.