காற்றுக்குச் சாட்சி

மதிப்புக்குரிய வியெரன் கோலாக் அவர்களுக்கு,
ஸாக்ரெபிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது.

பிப்ரவரி நான்காம் தேதி இரவு
கார்லோபாகில் அப்படியொரு காற்று அடித்ததற்கு
ஆதாரம் இல்லை என்கிறீர்கள்.
உண்மைதான்.
மூன்று நாற்பதுக்குப் பிறகு
காற்றளக்கும் கருவியின் பதிவேடு வெறுமை.
கருவியைக் காற்று கொண்டுபோய்விட்டது.
என் கூரையின் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓடுகளையும்
அதே கைதான் எடுத்தது.

பூரா என்று அதற்குப் பெயர்.
மெலிந்த வாடை அல்ல;
வெலெபிட் மலையின் தோளிலிருந்து
படிக்கட்டில் உருட்டிவிட்ட பீப்பாய்களாக இறங்கும்.
மறுநாள் சன்னல் கண்ணாடி முழுக்க உப்பு.
எதிரே பாக் தீவில் செம்மறிகள்
புல்லை விட்டுவிட்டுக் கல்லை நக்கிக்கொண்டு நின்றன.
செம்மறிகளின் வாக்குமூலத்தை
நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்கிறான் ஷிமே.
ஆகவே வேறொன்றை அனுப்புகிறேன்.

நான் கடலை அளப்பவள்.
இருபது வருடமாக ஒரே கேள்வி:
இந்தத் தண்ணீர்
கடைசியாக எப்போது வானத்தைப் பார்த்தது?

காற்று கடலின் மேல் சும்மா போவதில்லை.
சூட்டை உருவிக்கொண்டு போகிறது.
ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது.
உப்பை மட்டும் விட்டுப் போகிறது.
குளிர்ந்த நீர் கனக்கும்,
உப்பேறினால் இன்னும் கனக்கும்.
லிட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம்,
அவ்வளவுதான் கூடுதல்.
மேலிருந்தது கீழே போக அது போதும்.

இறங்கிய நீர் ஓசையில்லாமல் நடக்கத் தொடங்கும்.
இத்தாலிக் கரையைத் தடவியபடி
பெஸாரோவைத் தாண்டி, அங்கோனாவைத் தாண்டி,
மீன்வலைகளுக்கும் கீழே,
பிறகு இடப்பக்கம் திரும்பி
யாபுகா பள்ளத்தில் விழும்.
யாபுகா என்றால் ஆப்பிள். உங்களுக்குத் தெரியும்.
இருநூற்றெழுபது மீட்டர் ஆழம்,
ஒரு மரம் கிடையாது.

ஏப்ரலில் அங்கே போனோம்.
முதல் முறை கம்பிவடம் சிக்கிக்கொண்டது.
இரண்டாம் முறை ஏழாவது குப்பி மூடவில்லை.
பீன்ஸ் சூப்பில் உப்பு குறைவு என்று
யாரோ சொல்லிவிட்டதில்
சமையல்காரர் டுயே இரண்டு நாளாகப் பேசவில்லை.
மூன்றாம் முறை,
திரையில் நேராக இறங்கிக்கொண்டிருந்த கோடு
தரையைத் தொடும் முன்
கால் இடறியவன் போலச் சட்டென்று சாய்ந்தது.
போன வருடம் பதினொரு டிகிரி இருந்த இடத்தில்
ஒன்பது.

நான் கத்தவில்லை.
ஷிமேதான் கத்தினான்.

குப்பியின் குழாயைத் திறந்து
ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன்.
செய்யக் கூடாது. மாணவர்கள் செய்தால் திட்டுவேன்.
ஆனால் அது
என் கூரை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
வழியில் எத்தனையோ நீர் இதில் கலந்திருக்கிறது.
அந்தக் காற்று பன்னிரண்டு நாள் அடித்தது;
எந்த இரவு எந்தச் சொட்டு என்று
பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.
உப்பிட்ட காற்றை
உள்ளளவும் நினைக்கிறது தண்ணீர்.
தேதியை நினைப்பதில்லை.

உங்கள் படிவத்தின் ஆறாம் கட்டத்தில்
இது அடங்காது என்று தெரியும்.
இருந்தும் ஒரு லிட்டர் அனுப்பியிருக்கிறேன்.
மேசையில் வையுங்கள்.
அறையின் வெதுவெதுப்பில் கனம் கொஞ்சம் குறையும்.
மூடி இறுக்கமாக இருந்தால்
உப்பு அப்படியே இருக்கும்.

ஓட்டுக்குப் பணம் தருவதும் தராததும் உங்கள் முடிவு.
படுக்கையறைக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்,
இரவெல்லாம் படபடக்கிறது.
மீதி நீர் பள்ளத்தில்தான் கிடக்கிறது,
இன்னொரு பெரிய காற்றின் நீர்
வந்து தள்ளும் வரை.
நேரில் பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள்.
ஷிமே வடத்தைச் சரிசெய்துவிட்டான்.

நெவென்கா