முப்பது நிமிடம் யாரும் நடக்கக்கூடாது

முதலில் பொரளை மேட்டில் வைத்தோம்.
மூன்று கால், தேங்காயளவு உடல்,
வடக்கைக் காட்டும் ஒரு அம்புக்குறி.
நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வந்ததும்
நிஸ்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்து
"இனித் தும்மவும் கூடாது" என்றான்.
கபுக்கல் மேடு அது.
அரை மணிநேரம் கழித்துப் பார்த்தால்
கோடு பாய் விரித்ததுபோலக் கிடந்தது.
அந்த மேட்டுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை.
கடல் கரையில் அடிக்கிறதே, அது போதும்.
துறைமுகத்தில் கொள்கலன் இறங்குகிறதே,
பேலியகொடைக்கு மீன்லொறி குலுங்கிப் போகிறதே,
அது போதும்.
இரவு இரண்டு மணிக்கும் இந்த நகரம் சும்மா இருப்பதில்லை.
இந்தச் சில்லறை நடுக்கத்தை எண்ணிவைத்தால்
பெரிய நோட்டு வரும் நாளில்
மண் என்ன செய்யும் என்று ஓரளவு சொல்லலாம்.
ஓரளவு.
அறிக்கையில் இந்தச் சொல்லைப் பதினொரு இடத்தில் எழுதினேன்.
பணிப்பாளர் ஒன்பதை வெட்டினார்.

பெரிய நோட்டு வருமா என்று கேட்காதீர்கள்.
போர்த்துக்கேயர் காலத்தில், ஒரு சித்திரையில்,
கோட்டை மதில் பிளந்து வீடுகள் சரிந்ததாக
ஏட்டில் இருக்கிறது. நடந்தது என்பார் சிலர்,
மிகைப்படுத்தல் என்பார் சிலர்.
மண்ணிடம் கேட்டால் அது தேதி சொல்லாது.
எப்படி ஆடுவேன் என்பதை மட்டும் சொல்லும்.

பக்கவாட்டு அசைவை மேல்கீழ் அசைவால் வகுக்க வேண்டும்.
எங்கே மலைபோல் எழுகிறதோ அதுவே மண்ணின் சொந்த எண்.
நிஸ்தார் இதை இப்படிச் சொல்வான்:
சிக்னலில் ஓட்டோ நிற்கையில்
ஏதோ ஒரு வேகத்தில் மட்டும்
பக்கக் கண்ணாடி கடகடவென்று பதறும்.
கொஞ்சம் கூட்டினால் இல்லை, குறைத்தாலும் இல்லை.
நான் பத்துப் பக்கத்தில் எழுதியதும் இதைத்தான்.

ஏழாம் இரவு வெள்ளவத்தை, கால்வாய்க் கரை.
மேலே கட்டட இடிபாட்டு நிரவல், கீழே கரிமண்,
வேலிக்கு அப்பால் எட்டு மாடி,
இன்னும் கண்ணாடி போடாத ஜன்னல்கள்.
காவலாளி சவரிமுத்து கேட்டார்:
"மிஸ், தண்ணியா பாக்கிறீங்க, எண்ணெயா?"
நடுக்கம் என்றேன்.
தன் கையை நீட்டிக் காட்டினார்,
"இதுக்கும் மெசின் இருக்கா?"

பன்னிரண்டாம் நிமிடத்தில் செருப்போடு கழிப்பறைக்குப் போனார்.
கோட்டில் போக எட்டு முள், வர எட்டு முள்.
அழித்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.
இம்முறை அவர் கதிரையில் கால்களைத் தூக்கி வைத்து
சப்பாணியிட்டு அமர்ந்திருந்தார்,
மூச்சையும் அளந்து விட்டபடி.

மூன்று பத்துக்கு எண் வந்தது.
ஒரு ஆட்டத்துக்குப் பூச்சியம் தசம் எட்டு விநாடி.
மாடி ஒன்றுக்குப் பத்தில் ஒரு விநாடி என்று
நாங்கள் விரலில் போடும் கணக்கு ஒன்று உண்டு.
விரல்களை விரித்தேன். மடக்கினேன்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இங்கே கூடமே கோணல்,
ஆடப்போவதும் அதுவே.

ஒத்துப்போனால் விழும் என்று பொருளில்லை.
தூண் பாறைவரை இறங்கியிருக்கலாம்.
கம்பியைக் கஞ்சத்தனமில்லாமல் போட்டிருக்கலாம்.
இதையும் எழுதினேன், இது வெட்டுப்படவில்லை.
எழுதாதது ஒன்று:
ஐந்தாம் மாடியில் தென்மேற்கு மூலைக் கதவு
என் பெயருக்கு இருக்கிறது.
முற்பணம் போன ஆடியில் கட்டினேன்.
வரைபடத்தில் அந்த இடம் நாற்பத்தேழாம் கட்டம்,
மற்றக் கட்டங்களைப்போலவே அதற்கும் நிறம் தீட்டினேன்,
கடுஞ்சிவப்பு.

விற்பனை அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டேன்,
தூண் எத்தனை மீற்றர் ஆழம்?
அந்தப் பிள்ளை தாள்களைப் புரட்டும் சத்தம்.
பிறகு மிகவும் மகிழ்ச்சியாக,
"உங்கட பல்கனியில இருந்து கடல் தெரியும் மிஸ்."

பணத்தை இன்னும் திரும்பக் கேட்கவில்லை.
தூண் வரைபடம் கேட்டு இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன்.
மூன்றாவதைப் பதிவுத்தபாலில் அனுப்பச் சொல்கிறான் நிஸ்தார்.